வீட்டுக்குள் வலை – 9: விட்டு விட்டு வரும் கோளாறு

ரௌட்டரை எங்கே வைப்பது என்று சென்ற வாரம் பார்த்தோம். இடம் மாற்றியும் இணையம் திணறுகிறது என்பவர்களுக்கு இந்த வாரம்.

இணையம் அடியோடு செத்துப்போனால் கவலையில்லை. பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரியும். ஃபைபர் எங்கோ அறுந்திருக்கும். ஆள் வந்து ஒட்டிவிட்டுப் போவார். விட்டு விட்டு வருவதுதான் வம்பு. டெக்னீஷியன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும். "நல்லாத்தானே சார் இருக்கு" என்று ஸ்பீடு டெஸ்ட்டைக் காட்டுவார். அவர் சொல்வது பொய்யில்லை. அந்தச் சோதனை அந்த அரை நிமிடத்தை மட்டும்தான் அளக்கும்.

நாள் முழுக்கக் கண்காணிக்கும் கருவி உங்கள் கணினியிலேயே இருக்கிறது: பிங். சிறு தகவல் பொட்டலம் ஒன்றை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆனது என்று சொல்லும். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் நெட்வொர்க் கோணல் பண்ணியபோது மைக் மூஸ் என்பவர் எழுதியது. அவர் எழுதி முடிப்பதற்குள் அந்தக் கோளாறை வேறு யாரோ சரிசெய்துவிட்டார்கள்!

மூஸுக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. ஒரு நிர்வாகி, பதில் வரும்போதெல்லாம் கணினி 'பிங், பிங்' என்று ஸ்டீரியோவில் கத்தும்படி செய்துவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கேபிள் முனையாக அசைத்துப் பார்த்தாராம். எதை அசைத்ததும் சத்தம் நின்றதோ, கோளாறு அங்கே.

நமக்கு ஸ்டீரியோ வேண்டாம், திரையில் இரண்டு ஜன்னல் போதும். ஒன்றில் ரௌட்டரின் முகவரி (பல வீடுகளில் 192.168.1.1), மற்றதில் கூகுளின் 8.8.8.8. இரண்டுக்கும் பிங் நிற்காமல் ஓடட்டும். வீடியோ திணறும் நேரத்தில் எட்டிப் பாருங்கள். நாலைந்து மில்லி விநாடியில் பதில் சொல்ல வேண்டிய ரௌட்டரே முந்நூறு, நானூறு என்று இழுத்தால் குற்றவாளி வைஃபைதான். கம்பெனிக்கு போன் போட்டுப் பயனில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத், பக்கத்து வீட்டு ரௌட்டர் எல்லாம் இடித்துக்கொள்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. லேன் கேபிள் செருகியதும் சரியானால் சந்தேகமே வேண்டாம். இரண்டு ஜன்னலும் ஒன்றாக நின்று, ஓரிரு நிமிடத்தில் ஒன்றாக உயிர்பெற்றால் ரௌட்டர் அணைந்து எழுகிறது. முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

ரௌட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லியும் 8.8.8.8 மட்டும் விட்டுப்போனால் கோளாறு அதற்கு அப்பால். பெட்டிக்குப் பின்னால் ஃபைபர் மடங்கியிருக்கிறதா பாருங்கள். அலமாரியைச் சுவரோடு தள்ளும்போது நசுங்குவது அதுதான். கண்ணாடி இழை இறுக வளைந்தால் ஒளி கசிந்துவிடும். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்று மைனஸ் எண் ஒன்று இருக்கும். -20 டிபிஎம் பக்கம் என்றால் நல்லது. -27ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் இணைப்பு விளிம்பில் நிற்கிறது.

புகார் சொல்லும்போது 'நெட் ஸ்லோ' என்று சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு விட்டுப்போனது, அப்போது ரௌட்டர் பதில் சொன்னதா, ஒளி அளவு எவ்வளவு என்று சொல்லுங்கள். வருகிறவர் பவர் மீட்டரோடு வருவார்.