டிரிஃப்டிங்கும் கன்னியாகுமரி மாவட்டச் சாலைகளும்

காரின் பின்சக்கரங்களை வேண்டுமென்றே பிடிமானம் இழக்கச் செய்து, பின்பகுதி வளைவின் வெளிப்புறமாகச் சறுக்கும்போதே முன்சக்கரங்களை எதிர்ப்புறம் திருப்பியும் ஆக்சிலரேட்டரை அளவாக மிதித்தும் வண்டியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஓட்டுமுறையே டிரிஃப்டிங் எனப்படுகிறது. 1970-களில் ஜப்பானியப் பந்தய வீரர் குனிமிட்சு தகஹாஷி கையாண்டு, அவருக்குப் பின் கெய்ச்சி சுச்சியா பரப்பிய இம்முறை, 2001 முதல் டி1 கிராண்ட் பிரீ என்னும் தொடரின் வழியாகத் தனிப் போட்டியாகவே வளர்ந்தது. காணொளிகளில் தெரிவது ஓட்டுநரின் கைத்திறனும் டயரின் புகையும் மட்டுமே. அந்தத் திறன் முழுவதும் தரையைப் பற்றிய முன்னறிவின்மேல் நிற்கிறது என்பது காட்சியில் தெரிவதில்லை.

டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிமானத்தை உராய்வுக்கெழு என்னும் எண்ணால் அளப்பர். காய்ந்த தார்ச் சாலையில் ஏறத்தாழ 0.7 ஆக இருக்கும் இந்த எண் நனைந்த சாலையில் 0.4 அளவுக்கு இறங்கிவிடுவதால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரங்கள் பூட்டிச் சறுக்கும் கார் காய்ந்த தரையில் சுமார் 9 மீட்டரில் நிற்குமென்றால், நனைந்த தரையில் சுமார் 16 மீட்டர் ஓடிய பிறகே நிற்கும். இதனினும் கொடியது பிடிமானம் இடத்துக்கு இடம் மாறுவது. வலப்பக்கச் சக்கரங்கள் தாரிலும் இடப்பக்கச் சக்கரங்கள் மணலிலும் சறுக்கும்போது, பிடிப்பு மிகுந்த பக்கம் காரை இழுத்துத் திருப்பிவிட, ஓட்டுநர் எண்ணிய கோணம் ஒரு நொடியில் கைவிட்டுப் போகிறது. இந்தியச் சாலைகளில் ஓடும் சிறு கார்களில் மிகப் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. அவற்றில் கைபிரேக்கை இழுத்துப் பின்சக்கரங்களைப் பூட்டித்தான் சறுக்க வைக்கிறார்கள், பூட்டிய சக்கரத்தையோ ஆக்சிலரேட்டரால் திருத்த இயலாது என்பதால், சறுக்கலின் முடிவைத் தரையே தீர்மானிக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தத் தரை ஒருபோதும் ஒரே தன்மையில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் இம்மண்ணில் கடலும் வயலும் மலையும் சில மணி நேரப் பயணத்துக்குள் அடுத்தடுத்து வருவதால், சாலையின் மேற்பரப்பும் அவற்றோடு மாறுகிறது. சொத்தவிளை முதல் மணவாளக்குறிச்சி வரையான கடலோரச் சாலைகளில் காற்று கொண்டுவந்து சேர்க்கும் மணல், தாரின் நிறத்தோடு கலந்து கண்ணுக்குப் புலப்படாமல் கிடக்கிறது. பூதப்பாண்டி, தேரூர், சுசீந்திரம் வயல்வெளிகளிலோ கன்னிப்பூ என்னும் முதற்போக நெல் அறுவடை நடக்கும் ஆவணி, புரட்டாசியிலும், கும்பப்பூ என்னும் இரண்டாம்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியிலும் நெல்லும் வைக்கோலும் சாலையிலேயே காயப்போடப்படுகின்றன. உழவுக் காலத்தில் டிராக்டரின் இரும்புச் சக்கரங்கள் வயலிலிருந்து ஏற்றிவரும் தொளி சாலையில் கட்டிகட்டியாக விழுந்து, அடுத்த மழையில் கரைந்து வழுக்குப் படலமாகப் பரவுகிறது.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மார்கழி தொடங்கி மாசி வரை ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கின்றன. வளைவுகளில் குவியும் அவ்விலைகளின் மேற்பகுதி காய்ந்திருந்தாலும் அடிப்பகுதி பனியால் ஈரமாகவே இருப்பதால், மேலிருந்து பார்த்துச் சொல்லும் எந்த முடிவும் நம்பத்தக்கதல்ல. கல்குவாரிகளிலிருந்து வரும் டாரஸ் லாரிகள் முக்குகளில் திரும்பும்போது சிதறும் ஜல்லித் துகள்கள் டயருக்கடியில் உருண்டு, தரையோடு அதற்குள்ள தொடர்பையே அறுத்துவிடுகின்றன. நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் கோடைமழையின் முதல் சில நிமிடங்கள் தனியே குறிப்பிடத்தக்கவை. பல வாரங்களாகச் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து மேலெழும் அந்நேரத்துச் சாலை, அடைமழையில் கழுவப்பட்ட சாலையைவிட அதிகமாக வழுக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று, பிடிமானம் இழந்த காரைப் பக்கவாட்டில் தள்ளப் போதுமானது. அருகிலுள்ள முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிறுவப்பட்டதே அக்காற்றின் வலிமையை நம்பித்தான்.

தரை தகுதியாக அமைந்தாலும், சாலையோரம் தகுதியாக அமைவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழும் இம்மாவட்டத்தில் ஓர் ஊர் எங்கு முடிந்து அடுத்த ஊர் எங்குத் தொடங்குகிறது என்பதே தெரிவதில்லை. வீட்டு வாசல் நேரே சாலையில் திறக்கிறது, சாலையின் ஒருபுறம் குளமும் மறுபுறம் கால்வாயும் அமைந்த இடங்களும் பல. சறுக்கும் கார் தவறினால் ஒதுங்குவதற்கு வேண்டிய வெற்றிடத்தைப் பந்தயத் தடத்தில் திட்டமிட்டே விடுகிறார்கள். இங்கோ அந்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் நடந்துகொண்டிருப்பார்கள். ஆகவே நேர்மையாகச் செய்யப்படும் எந்தச் சாலைச் சோதனையும் இம்மாவட்டத்துப் பொதுச்சாலை டிரிஃப்டிங்குக்கு உரியதன்று என்ற முடிவுக்கே வந்து சேரும். சட்டத்தின் நிலையும் அதுவே: ஆபத்தாக வண்டி ஓட்டுவதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வகை செய்கிறது.

இக்கலையில் உண்மையான நாட்டம் கொண்டவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே இருங்காட்டுக்கோட்டைத் தடமும், கோவை செட்டிப்பாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயர் தாங்கிய காரி மோட்டார் ஸ்பீட்வேயும் உள்ளன. தரைச் சோதனையை மோட்டார் பந்தய உலகம் எவ்வளவு பொருட்படுத்துகிறது என்பதைச் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய தெருப் பந்தயம் காட்டியது. மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரில் ஒத்திவைக்கப்பட்டு 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் நடந்த அப்பந்தயத்தில், முதல் நாள் பெய்த மழையால் பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் தடச்சான்று தாமதமாகி, அன்றைய ஓட்டங்கள் பல மணி நேரம் தள்ளிப்போயின.

மூடிய தடத்திலும் ஓட்டுநர் முதலில் காரில் ஏறுவதில்லை. வளைவுகளை நடந்தே பார்த்து, காலால் தேய்த்துத் தரையின் சொரசொரப்பையும் தூசியையும் அறிந்து, நீர் எங்கே தேங்குகிறது, தரை எப்பக்கம் சாய்கிறது, தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொண்ட பிறகு, மெதுவாக ஒரு சுற்று வருகிறார். முன்னே ஓடிய கார்கள் விட்டுச்சென்ற ரப்பர்ப் பூச்சு காய்ந்தபோது பிடிப்பைக் கூட்டி, நனைந்தபோது வழுக்கலைக் கூட்டும் என்பதால், ஒரு தூறல் விழுந்தாலும் அந்நடை மீண்டும் முதல் வளைவிலிருந்தே தொடங்குகிறது.