தொட்டிக்குள் ஒரு மிசிசிப்பி – 7: ஓட்டில் ஒளியும் அமிலம்

சிவப்புக் காது ஆமைக்கு உடம்புச் சூடு சொந்தச் சரக்கு அல்ல, தண்ணீரிடமும் வெயிலிடமும் வாங்கும் கடன் என்பது போன வாரமே பேசி முடித்தது. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் ஹீட்டருக்கு வாட் கணக்குப் போடுவதாக ஏற்பாடு. நடுவில் டொனால்ட் ஜாக்சன் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் ஆமைகளோடே காலம் தள்ளிய உடலியல் பேராசிரியர் அவர். முக்கியமாக அவர் ஆராய்ந்தது சிவப்புக் காது ஆமையின் பங்காளியான வண்ண ஆமையை. வட அமெரிக்கக் குளங்கள் குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டியாக மூடிக்கொள்ளும். அடியில் கிடக்கும் ஆமைக்கு மூச்சு வாங்க வழி கிடையாது. இந்த நிலையை ஆய்வகத்திலேயே உண்டாக்கினார்கள்: 3 டிகிரித் தண்ணீர், ஆக்சிஜனை விரட்ட அதில் நைட்ரஜன். மூன்று மாதம் கழித்தும் ஆமை உயிரோடு இருந்தது. ஓர் இதயத் துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே நிமிடக் கணக்கில் இடைவெளி!

ஆக்சிஜன் இல்லாமல் உயிர் ஓடினால் லாக்டிக் அமிலம் சேரும். பேருந்தைத் துரத்திப் பிடித்தவரின் தொடை எரியும்போதும் சேர்கிறது. மூன்று மாதம் சேர்ந்தால் ரத்தமே விஷமாகிவிட வேண்டும். ஆகவில்லை. காரணம், ஓடு. ஓட்டு எலும்பிலிருந்து கார்பனேட் கரைந்து ரத்தத்துக்குள் இறங்கி அமிலத்தை முறிக்கிறது. நெஞ்செரிச்சலுக்கு நாம் மெல்லும் மாத்திரையும் இதைத்தான் செய்கிறது. அதோடு விடவில்லை. அந்த அமிலத்தின் பகுதியான லாக்டேட்டே எலும்புக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. உடம்பில் சேர்ந்ததில் பாதிக்குக் கிட்ட ஓட்டிலும் மற்ற எலும்புகளிலும் அடைக்கலம். வசந்தத்தில் ஆமை மேலே வந்து மூச்சு விட்ட பிறகு, ஒளிந்த லாக்டேட் மெல்ல மெல்ல வெளியேறுகிறது.

‘ஆமை புகுந்த வீடு’ என்று பயமுறுத்தும் பழமொழிக்காரர்கள் இதைக் கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

ஆக, ஓடு என்பது முதுகில் கவிழ்த்த சட்டி அல்ல. விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து பரந்த உயிருள்ள எலும்பு. மேலே தெரியும் தகடுகள் நம் நகம் போன்ற கெரட்டின். முதுகுப் பக்கம் வழக்கமாக 38. வளரும் ஆமையின் தகடு மெல்லிய கண்ணாடித்தாள் போல உரியும். பதறிப்போய் நகத்தால் பிய்த்தெடுப்பது வேண்டாத வேலை.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. ‘3 டிகிரியிலேயே பிழைக்கும் பிராணிக்கு ஹீட்டர் எதற்கு?’ என்று கேட்கத் தோன்றும். காட்டு ஆமை இலையுதிர் காலத்திலேயே இரையை நிறுத்தி, குடலைக் காலி செய்துவிட்டுத்தான் உறங்கப் போகிறது. வரவேற்பறைத் தொட்டியில் 18 டிகிரியில் கிடப்பதோ ரெண்டுங்கெட்டான்: உறக்கமும் இல்லை, செரிமானமும் ஒழுங்காக இல்லை. நோயை எதிர்க்கும் சக்தி குறையும். மூக்கில் குமிழி விடும். நுரையீரலில் தொற்று என்றால் ஒரு பக்கம் சாய்ந்து நீந்தும். ஓட்டில் விழுந்த கீறல்கூடக் குளிரில் ஆறத் தாமதமாகும். அழுக்குத் தண்ணீரும் ஏறிக் காய ஒரு கல் இல்லாததும் சேர்ந்தால் ஓட்டழுகல்: குழி, மெத்தென்ற இடம், நாற்றம். அப்போது மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

சூடு மட்டும் கொடுத்தாலும் எலும்பு கெட்டிப்படாது. சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேர வைட்டமின் டி3 வேண்டும்; அதற்கு வெயிலிலுள்ள யூவிபி என்னும் புற ஊதா ஒளி. ஜன்னல் கண்ணாடி அதை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். ஜன்னலோரம் தொட்டியை வைத்து ‘வெயில் படுகிறதே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க.

ஆமையின் நலம் பார்த்தாயிற்று, இனி நம் நலம். 1975இல் அமெரிக்கா 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளின் விற்பனையைத் தடுத்தது. குழந்தைகள் வாயில் வைத்து சால்மோனெல்லா தொற்றிக்கொண்டதுதான் காரணம். தொட்டியைத் தொட்ட கை சோப்பைத் தொடாமல் சோற்றுக்குப் போகக் கூடாது.

வாட் கணக்கு? பக்கம் முடிந்துவிட்டது. சென்னை வீட்டில் ஆண்டின் பெரும்பகுதி ஹீட்டரே தேவைப்படாது. ஏசி அறை, பெங்களூரு டிசம்பர், ஊட்டி என்றால் வேறு கதை. வாட் கணக்கு வரும்வரை இரண்டு தெர்மாமீட்டர் போதும்: தண்ணீரில் 24 முதல் 26 டிகிரி, குஞ்சென்றால் சற்றுக் கூடுதல், காயும் கல்லின் மேல் 32க்குக் கிட்ட. தண்ணீர் மாற்றுமுன் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிக் கால் மணி நேரம் ஆறவிடாதவர்களுக்குக் கண்ணாடிக் குழாய் என்ன பதில் சொல்லும் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)