கடைசியில் பூசிய சிவப்பு

பாரிஸை ஒட்டிய இஸி-லெ-மூலினோவில் ஹென்ரி மத்தீஸுக்கு ஓர் ஓவியக்கூடம் இருந்தது. 1911இல் அந்தக் கூடத்தையே வரைந்தார். ஏறக்குறைய ஆறடி உயரம், ஏழடி அகலம். சுவர், தரை, மேசை, நாற்காலி எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு.

அவர் சிவப்பில் தொடங்கவில்லை என்பதுதான் வேடிக்கை. நிற அடுக்குகளை ஆராய்ந்தவர்கள் அடியில் வேறோர் அறையைக் கண்டார்கள்: நீலச் சுவர், இளஞ்சிவப்புத் தரை, மஞ்சள் மரச்சாமான்கள். அது காய்ந்த பிறகே மேலே சிவப்பு ஏறியிருக்கிறது. இரும்பு ஆக்சைடு நிறமி அது. நம் கோயில் மதில்களின் காவிக்குச் சொந்தக்காரன்.

கிட்டப் போய்ப் பாருங்கள். மேசையின் விளிம்பாகத் தெரியும் வெளிர் கோடு தூரிகையால் இழுத்ததல்ல. சிவப்பைப் பூசிக்கொண்டே வந்தவர் அங்கே நூலளவு இடம் விட்டிருக்கிறார். பழைய நிறம் அந்தச் சந்தில் எட்டிப்பார்க்கிறது.

சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் சோகம் என்று அட்டவணை போடுவார்கள். இந்த ஓவியத்திடம் அது பலிக்காது. இங்கே சிவப்பு எதையும் குறிப்பதைவிட, பலவற்றை அழிப்பதுதான் அதிகம். ஓர் அறையின் ஆழத்தை நிழலாலும் மூலைகளாலும்தான் கண் கணிக்கிறது. மத்தீஸ் நிழலே போடவில்லை. இரண்டு சுவர்கள் கூடும் செங்குத்துக் கோட்டையும் சிவப்பு விழுங்கிவிட்டது. சுவர் எவ்வளவு தூரத்தில் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. நடுவில் நிற்கும் கடிகாரத்துக்கு முள்ளும் கிடையாது.

தம் நிறத்தோடு தப்பியவை பெரும்பாலும் அவர் செய்த ஓவியங்களும் சிலைகளும் ஒரு பீங்கான் தட்டும்தான். அவை அந்தரத்தில் மிதக்கின்றன. புட்டியிலிருந்து வளைந்தேறும் கொடியின் பச்சை, சிவப்பின் நடுவே இன்னும் பச்சையாகிறது. பக்கத்து நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் இந்த விந்தையை, பாரிஸின் வேதியியலாளர் செவ்ரெல் 1839இலேயே விரிவாக எழுதிவிட்டார். எனக்கு இந்த ஓவியத்தில் தெரிவது கோபமல்ல, நேரமும் இடமும் மறந்து வேலையில் ஆழ்ந்திருப்பவரின் மனநிலை.

மாஸ்கோ வணிகர் செர்கெய் ஷுகின் மத்தீஸின் பெரிய ஆதரவாளர். 1908இல் அவருக்கென நீலத்தில் தீட்டிய ஒரு சாப்பாட்டறை ஓவியத்தை மத்தீஸ் சிவப்பாக மாற்றியபோதும் வாங்கிக்கொண்டவர், இதை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். பிறகு லண்டனில் ஓர் இரவு கேளிக்கை விடுதியில் தொங்கிக் கிடந்த ஓவியத்தை, 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கியது. அதன் முன்னால் வந்து வந்து நின்றவர்களில் ஒருவர் மார்க் ராத்கோ. பிற்காலத்தில் பெரிய பெரிய நிறப் பரப்புகளை மட்டுமே வைத்து ஓவியம் தீட்டியவர் அவர்.