முள் சிவப்பில் ஏறினால் மூடியைத் தொடாதீர்கள்!

தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்பட்ட வாடகை பஸ்ஸில் நாமும் இருந்தோம். பால்குடம் எடுப்பவர்கள், கைக்குழந்தைக்காரிகள், காவடிக்குப் பாட வந்த இளைஞர்கள் என்று நாற்பது பேருக்கு மேல். பஸ் பழசு. டிரைவருக்குப் பக்கத்திலேயே டீசல் இன்ஜின். முன் சீட்டில் உட்கார்ந்தவனுக்குக் கால் சுடும்.

1985-ல் திறந்த பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். அதில் ஓடி வரும்வரை ஒரு குறையும் இல்லை. ஜார்ஜ்டவுனுக்குள் மெக்கலிஸ்டர் சாலை நெரிசலில் ஊரத் தொடங்கியதும், சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறியது. டிரைவர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

“இன்னும் கொஞ்ச தூரந்தானே, ஓட்டுங்கண்ணே!” என்று பின்னாலிருந்து கூச்சல். ஒரு தம்பி துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான். டிரைவர் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். “மூஞ்சி வெந்து போயிரும்டா!”

அவர் சொன்னது மிரட்டல் அல்ல. சட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பதால், அதற்கு மேல் சூடேறியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும். அத்தனையும் ஒரே மூச்சில் கொதித்து ஆவியாய் முகத்தில் அடிக்கும். துண்டு அதைத் தடுக்காது. இன்ஜினை அணைத்து, மேல் ஹோஸைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் தப்பு. வார்ப்பிரும்பு ஹெட் வெடித்துவிடும்.

காத்திருந்த நேரத்தில் டிரைவர் சொன்ன கணக்கு நமக்குப் பிடித்திருந்தது. “பாலத்துல சூடு ஏறல. நின்னதும் ஏறுது. அப்ப காத்துதான் பத்தல.” வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நின்றால் விசிறி மட்டுமே துணை. பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார். அரை அங்குலம் அமுங்க வேண்டியது, ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஓரமெல்லாம் வெடிப்பு. டைனமோவை ஸ்பேனரால் நகர்த்தி இறுக்கினார்.

மேட்டில் ஏறும்போது மட்டும் சூடேறினால் கதை வேறு. ரேடியேட்டர் உள்ளே துரு, வெளியே அழுக்கு. நம் தோட்டப் பாதையில் செம்மண் புழுதியும் லாலாங் பஞ்சும் அடைத்துக்கொள்ளும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவினால் அழுக்கு வந்த வழியே போகும். எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் தே தாரேக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

“தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி” என்பது ரோட்டோர வைத்தியம். நமக்கு அதில் நம்பிக்கை இல்லை. சில இன்ஜின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, இன்னும் சூடாகும். கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டால் தெரிந்துவிடும்: சுமார் 80 டிகிரியில் திறக்க ஆரம்பித்தால் நல்லது, கொதித்தும் திறக்காவிட்டால் புதுசு வாங்க வேண்டியதுதான்.

ஆறிய பிறகு தண்ணீர் விட்டுப் புறப்பட்டோம். ஒரு மணி நேரம் தாமதம், பாலில் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

ஆனால் மறுவாரம் டிரைவர் நம்மைத் தேடி வந்தார். தாமதத்துக்காக முதலாளி சம்பளத்தில் ஐம்பது வெள்ளி பிடித்துவிட்டாராம். “பெல்ட் வெடிச்சிருக்குன்னு மூணு தடவை சொன்னேன் தலைவரே. ஓடுறவரைக்கும் ஓடட்டும்னாரு.” எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டோம். வாய்ப்பேச்சுதான்! இப்படி ஓடவிட்டிருந்தால் ஹெட் வளைந்து இன்ஜினே போயிருக்கும். அந்தச் செலவு யார் தலையில் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடந்ததை ஒரு தாளில் எழுதினோம். “ஓட்டுங்கண்ணே” என்று கத்தியவர்கள் உட்படப் பதினொரு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பணம் திரும்ப வந்தது. அதில் ஒரு பகுதியில் அண்ணன் பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறார். வண்டியில் பழுது கண்டால் தேதி போட்டு எழுதி, கிராணியிடம் கையெழுத்து வாங்குகிறார்.