ஒப்புவிப்பது வேறு, எண்ணுவது வேறு



என் மூத்த மகனுக்கு நான்கு வயதாக இருந்தபோது, வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் அவனை நிறுத்தி, ஒன்றிலிருந்து நூறு வரை சொல்ல வைப்பேன். தமிழிலும் சொல்வான், ஆங்கிலத்திலும் சொல்வான். வந்தவர்கள் கைதட்டுவார்கள். எனக்கும் பெருமைதான். ஒருநாள் ஆறு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். "தம்பி, குசினிக்குள்ளே போய் ஆறு கரண்டி எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றேன். இரண்டு கையும் நிறைய அள்ளிக்கொண்டு வந்து நின்றான். "எத்தனை கரண்டி?" என்று கேட்டேன். "நூறு" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

அன்று சிரித்தேனே தவிர யோசிக்கவில்லை. நான் படித்தது வர்த்தகம், செய்வது கணக்காளர் தொழில். வருட முடிவில் ஒரு கடையின் கணக்கைப் பார்க்கும்போது, புத்தகத்தில் எழுதியிருக்கும் இருப்பை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. களஞ்சியத்துக்குள் போய்ப் பெட்டிகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் நம்புவோம். பிள்ளை நூறு வரை ஒப்புவிப்பது புத்தகத்துத் தொகை. ஆறு கரண்டியை எடுத்து வைப்பதுதான் களஞ்சியத்து இருப்பு. இந்தச் சின்ன விஷயம் என் தொழிலில் தெரிந்திருந்தும், என் வீட்டில் தெரியாமல் போய்விட்டது.

எண்ணுவது பெரியவர்களுக்கு ஒரே வேலை போலத் தெரியும். உண்மையில் அதற்குள் பல வேலைகள் இருக்கின்றன. கெல்மன், கலிஸ்டல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சிறு பிள்ளைகள் எண்ணும் விதத்தை ஆராய்ந்து 1978ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் ஐந்து விதிகளைச் சொன்னார்கள். எண்களின் பெயர்களை எப்போதும் ஒரே ஒழுங்கில் சொல்ல வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான். ஒன்றை இரண்டு தரம் எண்ணவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத் தொகை. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் தொகை மாறாது. மாம்பழமோ, மணிச்சத்தமோ, ஆட்களோ, எதையும் எண்ணலாம். இந்த ஐந்தில் ஒப்புவிப்பதால் வருவது முதலாவது மட்டும்தான். மற்ற நான்கும் பொருட்களைத் தொட்டு எடுத்து வைத்துப் பழகினால்தான் வரும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளையிடம் ஏழு கடலையைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். சில பிள்ளைகள் "ஏழு" என்று சொல்லாமல் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். "எத்தனை?" என்ற கேள்வி அவர்களுக்கு "எண்ணு" என்ற கட்டளையாகத்தான் கேட்கிறது. அது மொக்குத்தனம் அல்ல. ஏறவேண்டிய ஒரு படி இன்னும் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் படிகளைப் பற்றி நாம் வாழும் இந்த நாட்டிலேயே நல்ல வேலை நடந்திருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் கல்வித் திணைக்களம் 1996ஆம் ஆண்டு ஆரம்பப் பாடசாலைகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அது பின்னர் 'கவுண்ட் மீ இன் டூ' என்ற பெயரில் மாநிலமெங்கும் பரவியது. சதர்ன் குறொஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொப் றைற் என்பவரின் ஆய்வு அதற்கு அடிப்படையாக இருந்தது. விக்ரோறியாவில் 1999 முதல் 2001 வரை, அவுஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக் கிளாக் தலைமையில், 70 பாடசாலைகளைச் சேர்த்து இன்னொரு ஆய்வு நடந்தது. அங்கே ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக இருத்தி, சின்னக் கரடிப் பொம்மைகள் போன்ற பொருட்களைக் கையில் கொடுத்துக் கதைத்தார். விடை சரியா பிழையா என்பதோடு, அந்த விடைக்குப் பிள்ளை எப்படி வந்தது என்பதையும் குறித்துக்கொண்டார்.

சிட்னித் திட்டம் பிள்ளைகள் எண்ணும் விதத்தைப் படிகளாகப் பிரித்தது. முதற்படியில் பிள்ளைக்கு எண்களின் பெயர் தெரிந்திருக்கலாம். பொருளோடு சேர்க்கத் தெரியாது. இரண்டாம் படியில் கண்முன்னால் இருப்பதை எண்ணும். மூன்றாம் படியில் மூடி வைத்ததையும் எண்ணும். ஆனால் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். அதற்கு அடுத்த படியில்தான் ஐந்தை மனதில் வைத்துக்கொண்டு ஆறு, ஏழு, எட்டு என்று தொடரும். கூட்டல் கணக்கு உண்மையில் தொடங்குவது இந்த இடத்தில்தான். இந்தப் படிக்கு வராத பிள்ளைக்குக் கூட்டல் தாள்களை அடுக்கிக் கொடுத்தால், விடையைப் பாடமாக்குமே தவிர விளங்கிக்கொள்ளாது.

வீட்டிலும் நமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளிலும் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, சாப்பாட்டு மேசை. ஆளுக்கு ஒரு கோப்பை, ஒரு கரண்டி வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று அதுவே கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாவது, எண்ணிய பொருளை நகர்த்தி வைப்பது. இடது பக்கம் உள்ள கடலையை ஒவ்வொன்றாக வலது பக்கம் தள்ளி எண்ணினால், எண்ணியது எது, எண்ணாதது எது என்பதில் குழப்பம் வராது.

மூன்றாவது, மூடி வைப்பது. ஐந்து கடலையைப் பிள்ளை பார்க்க எண்ணி ஒரு கோப்பையால் மூடுங்கள். பக்கத்தில் மூன்றை வையுங்கள். "எல்லாமாக எத்தனை?" என்று கேளுங்கள். கோப்பையைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டால் பார்க்கட்டும். சில நாட்கள் போனால் திறக்காமலே சொல்லும்.

நான்காவது, பத்துப் பத்தாகக் கட்டுவது. ஊரில் அரிவரி வகுப்பில் ஈர்க்கை முறித்துப் பத்துப் பத்தாகக் கட்டியது பலருக்கு ஞாபகம் இருக்கும். இங்கே ஐஸ்கிரீம் குச்சியும் இறப்பர் வளையமும் போதும். மூன்று கட்டும் நான்கு குச்சியும் முப்பத்து நான்கு என்பதைப் பிள்ளை கையாலேயே அறிந்துகொள்ளும்.

ஐந்தாவது, விளையாட்டு. முட்டைப் பெட்டியைப் பல்லாங்குழியாக்கலாம். பதினான்கு குழிக்குப் பதிலாகப் பன்னிரண்டு இருந்தாலும் பாதகமில்லை. பாம்பும் ஏணியும் இன்னும் நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைகள் தாங்கள் நிற்கும் கட்டத்தையே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்குவார்கள். நகரும் கட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சத்தமாகச் சொல்லி நகரப் பழக்குங்கள். அமெரிக்காவில் றமணி, சீக்லர் என்ற ஆய்வாளர்கள், வசதி குறைந்த குடும்பத்துப் பாலர்களை இப்படி எண்கள் வரிசையாக எழுதிய அட்டையில் விளையாட வைத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கே நான்கு சிறிய அமர்வுகள். எண்ணறிவு தெளிவாகக் கூடியதை 2008ஆம் ஆண்டு வெளியிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் கடலை, மணி போன்ற சின்னப் பொருட்கள் வேண்டாம். தொண்டையில் சிக்கும். பெரிய மூடிகளோ கரண்டிகளோ பாவியுங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். சில காலத்துக்கு முன் ஒரு அம்மம்மா நிகழ்ச்சியின் பிறகு என்னோடு தொலைபேசியில் கதைத்தார். பேரனோடு படியேறும்போது ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணுவாராம். பிள்ளைக்கு ஆங்கிலம் குழம்பிவிடும் என்று வீட்டில் சொன்னதால் நிறுத்திவிட்டாராம். "எனக்கும் படிப்பில்லைத்தானே தம்பி" என்றார்.

குழம்பாது, அம்மா. தமிழ் எண்கள் பிள்ளைக்குத் துணைதான். பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு என்ற சொற்களுக்குள்ளே பத்து இருக்கிறது. இருபதுக்குள் இரண்டு பத்து இருக்கிறது. 'இலெவன்', 'டுவெல்வ்' என்ற சொற்களில் பிள்ளையின் காதுக்குப் பத்து கேட்காது. 'தேர்ட்டீனும்' 'தேர்ட்டியும்' ஒன்று போலவே கேட்கும். சீன மொழியில் பதினொன்றைப் 'பத்து ஒன்று' என்றே சொல்வார்கள். சீன, அமெரிக்கப் பாலர்களை ஒப்பிட்டு 1995ஆம் ஆண்டு வெளிவந்த மில்லர் குழுவினரின் ஆய்வில், பத்து வரை இரு பகுதியினரும் ஏறக்குறைய சமமாக நின்றார்கள். பத்தைத் தாண்டியதும் அமெரிக்கப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். தமிழிலும் ஒரு முள் உண்டு. எண்பதுக்குப் பிறகு தொண்ணூறு என்று வரும்போது பிள்ளைகள் தடுமாறுவார்கள். அதை மட்டும் இரண்டு தரம் கூடுதலாகச் சொல்லிக் கொடுத்தால் போதும். ஒரு பொருளுக்கு ஒரு எண், கடைசி எண்தான் தொகை என்ற விளக்கத்தைத் தமிழில் பெற்ற பிள்ளை, ஆங்கிலத்தில் புதிதாகக் கற்கவேண்டியது பெயர்களை மட்டும்தான்.

நம்மில் பலர் போரால் படிப்பைப் பாதியில் விட்டு, அகதிகளாக இங்கே வந்தவர்கள். பிள்ளையின் படிப்பில் நமக்கு இடமில்லை என்று ஒதுங்கி, அந்த வேலை முழுவதையும் ரியூசன் வகுப்பிடம் கொடுத்துவிடுகிறோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டிய கணக்கை வெங்காயம் உரிக்கும் அம்மாவும், படியேறும் அம்மம்மாவும் கொடுக்கலாம். அதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

பாடசாலை தொடங்கிச் சில மாதமாகியும் பத்துப் பொருளை எண்ணப் பிள்ளை கஷ்டப்பட்டால், பயப்படாமல் வகுப்பாசிரியரோடு கதையுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று பாடசாலையிடம் கேட்கலாம். 131 450 என்ற எண்ணில் தேசிய மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது.

இன்று இரவு சாப்பாட்டுக்கு எத்தனை கோப்பை வேண்டும் என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பிழையாக வைத்தால் சிரிக்காதீர்கள். நான் சிரித்தது போதும்.