மஞ்சள் பையும் மறு அபிப்பிராயமும்

காணி வழக்கு ஒன்று வந்துவிட்டால், பாட்டனார் காலத்துப் பத்திரம் முதல் நேற்றுக் கட்டிய வரி ரசீது வரையில் யாவும் இரும்புப் பெட்டியிலிருந்து ஒழுங்காக வெளிவருகின்றன. அதே வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தாலோ, வைத்தியக் காகிதங்கள் அனைத்தும் ஜவுளிக்கடை மஞ்சள் பையில் கசங்குகின்றன. வேறொரு நிபுணரிடம் போகும்போதுதான் பையைத் தலைகீழாகக் கவிழ்க்கிறோம். அவருக்குள்ள சொற்ப நேரத்தில் பாதி காகிதம் தேடுவதிலேயே கழிகிறது.

மறு அபிப்பிராயம் கேட்டால் முதல் வைத்தியர் கோபித்துக்கொள்வாரோ என்று கூசுவோர் பலர். அவ்வளவு கூச்சம் வேண்டியதில்லை. 2002-ஆம் வருஷத்து இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை 3 வருஷம் பாதுகாக்க வேண்டும்; நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். எழுத்து மூலம் விண்ணப்பிப்பது உத்தமம்.

ஸ்கான் அறிக்கை மட்டும் போதாது. படங்கள் பதிந்த தகடும் வேண்டும். எல்லாவற்றிலும் தலையாயது, சோதனைக்கென எடுத்த சதைத் துணுக்கு. அதை மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக்கி, கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். மெழுகுக் கட்டியைப் ‘பிளாக்’ என்றும், கண்ணாடியை ‘ஸ்லைடு’ என்றும் சொல்வது ஆஸ்பத்திரி வழக்கு. வியாதியின் பெயரும் வகையும் நிர்ணயமாவது இவற்றைக் கொண்டே. மார்புப் புற்றுநோயில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்னும் சோதனைகளைப் பார்த்தே ஹார்மோன் மாத்திரை பயன்படுமா, ஹெர்-2-ஐத் தாக்கும் மருந்து வேண்டுமா என்று தீர்மானிக்கிறார்கள். அந்தச் சோதனை பிசகினால் சிகிச்சையும் வழிதவறிப் போகும். ஆகவேதான், 1941-இல் திறக்கப்பட்ட மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கித் தங்கள் நிபுணர்களைக் கொண்டு மறுபடி பார்க்கிறார்கள்.

பிளாக்கைப் பெறும்போது அதன்மேலுள்ள எண்ணை அறிக்கையோடு ஒத்துப் பார்க்கவேண்டும். மெழுகாதலால், சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுக் காபி சாப்பிடப் போகலாகாது. தொலைத்தாலோ, மறுபடி ஊசி குத்திச் சதை எடுக்க நேரும். கட்டியை முன்பே அறுத்து அகற்றியிருந்தால் எடுப்பதற்கும் ஒன்றுமிராது.

அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் அறிக்கை, கொடுத்த மருந்துகளின் பெயரும் அளவும் தேதியும், கதிர் சிகிச்சையானால் எத்தனை கிரே, எத்தனை தவணை என்ற விவரம் - இவற்றைத் தேதிவாரியாக அடுக்கலாம். கட்டுரை நோட்டுகளை அடுக்கியே காலங்கழிக்கும் உபாத்தியாயர்களாகிய நமக்கு இது பெரிய வித்தையாகத் தோன்றவில்லை. இ.சி.ஜி. காகிதம் நாளடைவில் வெளுத்துவிடும். உடனே நகலெடுக்க வேண்டும். சூடேற்றி லாமினேஷன் செய்தால் கறுத்தே போகும்.

மேலே ஒரு பக்கச் சுருக்கம் இருக்கட்டும். நீரிழிவு, ரத்த அழுத்தம் முதலியவற்றோடு, வீட்டார் மறைக்கும் லேகியத்தையும் சூரணத்தையும் அதில் எழுதத்தான் வேண்டும். சில ரத்தப் புற்றுநோய்கள் ஒரு வாரங்கூடக் காத்திரா; எத்தனை நாள் தாமதிக்கலாம் என்பதை முதல் வைத்தியரிடமே கேட்டுக்கொண்டு புறப்படவேண்டும்.

அந்தப் பக்கத்தின் அடியில் கேள்விகள்: நோயின் பெயர் அதுவேதானா? எந்தக் கட்டம்? முதலில் அறுவையா, மருந்தா? பதில்களைக் குறித்துக்கொள்ளக் குடும்பத்தில் ஒருவர் உடன் போகட்டும். அத்தையோ, தம்பியோ, யாராயினும் சரி. அந்த நேரத்தில் கண் கலங்காமல் எழுதக்கூடியவராக இருக்கவேண்டும்.