தாய்ப்பால் சுரப்பும் துணைக் கருவிகளும்

நம் ஆலன், பிளேனோ பகுதியில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் பூண்டுக் குழம்பு மணக்கும். மேஜைமேல் பம்ப், சிலிக்கான் உறை, பாட்டில் என்று வரிசையாக இருக்கும். ஊரிலிருந்து வந்த பாட்டி, "பால் போதுதா?" என்று கேட்பார். இக்கருவிகள் பாலைக் கூட்டுமா, குறைக்குமா என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலில் ஓர் அடிப்படை. பால் வெளியேற வெளியேறத்தான் சுரக்கும். மார்பில் தேங்கினால் சுரப்பு குறையும். பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை குடிப்பது இயல்பு.

பம்ப்: குழந்தை குடிக்காத வேளையில் பாலை எடுத்தால் சுரப்பு நிலைக்கும். புனல் அளவு பொருந்தாவிட்டால் வலிக்கும், பாலும் சரியாக வராது. பம்பில் வருவது குறைவு என்பதால் பால் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். நன்றாகச் சப்பும் குழந்தை அதைவிட அதிகம் எடுக்கும். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலான இன்ஷூரன்ஸ்கள் பம்ப் தருகின்றன. 2022-இல் வந்த சட்டப்படி, வேலைக்குச் செல்லும் பெரும்பாலான தாய்மார்களுக்குக் குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை இடைவேளையும், குளியலறை அல்லாத தனியிடமும் தரப்பட வேண்டும்.

காம்பு உறை: குழந்தை மார்பைப் பற்றச் சிரமப்பட்டால் மெல்லிய சிலிக்கான் உறை கைகொடுக்கும். ஆனால் குழந்தை பாலை முழுதாக எடுக்காவிட்டால் சுரப்பு குறையலாம். ஆலோசகரைக் கேட்டுப் பயன்படுத்தி, எடையையும் கவனியுங்கள்.

பாட்டில், பாசிஃபையர்: பாட்டில் கொடுக்கும் ஒவ்வொரு வேளைக்கும் ஈடாகப் பாலை எடுக்காவிட்டால் சுரப்பு இறங்கும். பாசிஃபையரைத் தாய்ப்பால் பழகிய பிறகு தரலாம்.

ஊரிலிருந்து டோம்பெரிடோன் மாத்திரை வரவழைப்போருக்கு ஒரு வார்த்தை: இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்று எஃப்.டி.ஏ. 2004-இல் எச்சரித்தது, இந்நாட்டில் அதற்கு அனுமதியும் இல்லை. வெந்தயம் சமையலில் சேர்க்கலாம். மாத்திரையாக எடுப்பதானால், முக்கியமாகச் சர்க்கரை நோய்க்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்போர், மருத்துவரைக் கேளுங்கள்.

பால் போதுமா என்பதைக் குழந்தையே சொல்லும். ஐந்தாம் நாளுக்குப் பின் தினமும் ஆறு டயப்பராவது நனைய வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும். இல்லையேல் தாமதியாமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

பாட்டிமார்களே, "போதுதா?" என்று கேட்பதற்குப் பதில், தாயை ஒரு மணி நேரம் தூங்க விடுங்கள். அதுவும் ஒரு துணைதான்!